அவுட்டாகாத ஜெயபாண்டி

கரிசக்குளம் ஜெயபாண்டி பதினாறு வருஷமாக, வற்றிய ஊர்க் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுகிறார். இதுவரை ஒரு தடவைகூட அவுட்டானதில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

பந்து அவருடைய ஸ்டம்பைச் சாய்க்காமல் இல்லை. பல தடவை சாய்த்திருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் அவர் ரெடி சொல்லியிருக்க மாட்டார், அல்லது கண்ணில் தூசி விழுந்திருக்கும், அல்லது கரையில் போன ஆட்டுக்குட்டி கவனத்தைக் கலைத்திருக்கும். கேட்ச் பிடித்தால், பிடித்தவன் கை தரையில் பட்டிருக்கும். ஸ்டம்புக்கு நேராக வரும் பந்து காலில் பட்டால் அவுட் என்கிற எல்.பி.டபிள்யூ சட்டத்தை அந்தக் கண்மாய்க்குள் அவர் அனுமதிக்கவே இல்லை. மட்டை அவருடையது. பந்து அவருடையது. ஸ்டம்புக்கு வெட்டிய கருவேலங்கம்பும் அவர் புஞ்சை ஓரத்தில் முளைத்ததுதான். இதெல்லாம் போதாது என்று அம்பயராக நிற்கும் சோலைமலை அவருடைய மனைவி பாண்டிமீனாவின் கூடப்பிறந்த தம்பி. மூன்று வேளையும் அக்கா வீட்டில் சாப்பிடுகிற பையன், அக்கா புருஷனைப் பார்த்து எப்படி விரலைத் தூக்குவான்?

வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிப் பொங்கலுக்குப் பட்டாசுக் கம்பெனிகள் லீவு விடும்போது, கரிசக்குளத்துக்கும் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக்காரர்களுக்கும் ஆட்டம் நடக்கும். அந்த நேரத்தில் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் மண்ணைப் போட்டு மிதித்து ஒரு பிட்ச் தயார் செய்வார்கள். அதற்குப் பிறகும் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்பது அந்த இருக்கன்குடி ஆத்தாளுக்கே வெளிச்சம்.

பட்டாசுக்காரர்களின் கேப்டன் பாலகுரு. கம்பெனியில் போர்மேன். ஜெயபாண்டிக்கும் அவருக்கும் ஒரே வயது, நாற்பதைத் தாண்டிவிட்டது. பாலகுருவின் அப்பா ஆண்டிச்சாமி ஒரு காலத்தில் ஜெயபாண்டியின் அப்பாவுடைய புஞ்சையில் பருத்தி எடுத்தவர். ஆண்டிச்சாமியின் தெருவே அப்போது அங்கேதான் வேலை பார்த்தது. பட்டாசுக் கம்பெனிகள் வந்தபிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்போது ஜெயபாண்டி பருத்தி எடுக்க வேன் வைத்து எங்கிருந்தோ ஆள் கூட்டி வருகிறார். வேலை போனாலும் வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாலகுருவிலிருந்து நேற்று மீசை முளைத்த பையன்வரை எல்லோருக்கும் அவர் இன்னும் "மொதலாளி"தான். ஸ்டம்பு மூன்றும் படுத்துக் கிடக்க, ஜெயபாண்டி மட்டையை ஊன்றிக்கொண்டு "காத்துக்கு விளுந்துருச்சுப்பா" என்று சொன்னால், பாலகுரு குனிந்து குச்சியை நட்டுவிட்டு, "மொதலாளி சொன்னா சரித்தான்" என்பார். ஆட்டம் தொடரும். கரிசக்குளம் ஜெயிக்கும்.

அந்த வருஷம் உலகக் கோப்பை ஆட மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன நம் அணி, முதல் சுற்றோடு மூட்டை கட்டித் திரும்பியிருந்தது. நாடே துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஜெயபாண்டி சோற்றைப் பிசைந்தபடி தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இவனுகளுக்கு ஆடவே தெரியலை" என்றார்.

பாண்டிமீனா ரசத்தை ஊற்றினாள். "அவுக பாவம், அவுட்டானா வெளிய போயிடுறாக. உங்களை மாதிரி ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போயிருந்தா கப்பு நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்."

"என்ன நக்கலா?"

"நெசத்தைத்தான் சொல்லுதேன். இம்புட்டு வருசத்துல நீங்க யாரைச் செயிச்சிருக்கீக? அந்தப் பிள்ளைக விட்டுக் குடுத்துட்டுப் போகுதுக. நீங்க வாங்கிட்டு வாறீக. ஒருத்தரும் ஒரு சொல்லு குறை சொல்ல முடியாதபடி ஒரே ஒரு ஆட்டம் செயிச்சுட்டு வாங்க. நீங்க பெரிய ஆட்டக்காரருன்னு நானே ஊர் பூராச் சொல்லுதேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஜெயபாண்டிக்கு அது தைத்துவிட்டது. தான் நன்றாக ஆடுகிறவன் என்று அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்துப் பெருமை ரசத்தில் விழுந்த அப்பளம் மாதிரி நமுத்துப்போனது. இந்தத் தடவை ஜெயிக்க வேண்டும், யாரும் வாய் திறக்க முடியாதபடி ஜெயிக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். பாதிச் சோற்றோடு எழுந்து போய்ச் சோலைமலையைப் பிடித்தார்.

"மாப்ளே, இந்தத் தடவை நியாயமாச் சொல்லணும்."

"நான் என்னைக்கு மச்சான் அநியாயமாச் சொல்லியிருக்கேன்?" என்றான் சோலைமலை. அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

பொங்கலுக்கு மறுநாள் காலை ஆட்டம். கண்மாய்க் கரையில் இருந்த கருவேல மர நிழலில் இரண்டு ஊர்ப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கரிசக்குளத்துப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கம்பெனிப் பெண்கள் சாக்கை விரித்துக்கொண்டார்கள். பாலகுருவின் மனைவி மாடத்தி, பாண்டிமீனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் சீனிச்சேவுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஆட்டத்தைவிட அது வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஜெயபாண்டியின் சித்தப்பா நாகையா, ஒரு அட்டைப் பெட்டியில் ஆயிரம்வாலாச் சரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜெயித்ததும் கொளுத்துவது அவருடைய இலாகா. கரிசக்குளம் எப்போதும் ஜெயித்ததால் அவர் இலாகாவுக்கு ஓய்வே இருந்ததில்லை. இந்த வருஷச் சரம் போன தீபாவளிக்கு வாங்கியது. மழைக்காலம் முழுக்கக் கோழிக்கூடை பக்கத்தில் கிடந்தது.

பட்டாசுக்காரர்கள் முதலில் ஆடி நல்ல ரன் எடுத்தார்கள். பிறகு கரிசக்குளம் இறங்கியது. ஜெயபாண்டி ஒரு முனையில் நின்றுகொள்ள, மறு முனையில் ஆட்கள் வந்து வந்து போனார்கள். பந்து போட்டவன் கதிரவன். கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை பார்க்கும் ஒல்லிப் பையன். அவன் கையிலிருந்து பந்து வருவதே தெரியாது.

நடுவில் ஒரு பந்து, ஸ்டம்புக்கு நேராக ஜெயபாண்டியின் முழங்காலில் வந்து இடித்தது. சுள்ளென்று வலித்தது. அவர் காத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏம்ப்பா, கேக்க மாட்டீகளா?" என்றார்.

"என்னத்த மொதலாளி?" என்றார் கீப்பராக நின்ற பாலகுரு.

"அவுட்டான்னு கேளுங்கப்பா. கேட்டாத்தானே அம்பயர் சொல்லுவான்?"

"நீங்க ஆடுங்க மொதலாளி. வெயிலு ஏறுது."

ஜெயபாண்டிக்கு அழுகை வராத குறை. இவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்றால், யாரும் குறை சொல்ல முடியாத வெற்றிக்கு அவர் எங்கே போவார்? பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். நன்றாகவே ஆடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசி ஓவரில் இன்னும் ஆறு ரன் வேண்டும். மிச்சம் இருந்தது கடைசி விக்கெட். எதிர்முனையில் லட்சுமிகாந்தம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிற உடம்பு.

கதிரவன் போட்ட பந்தை ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்து தூரமாகப் போகவில்லை. நேராக வானத்துக்குப் போனது. கதிரவன் நாலு எட்டுப் பின்னால் வந்து, கையைக் குவித்துக்கொண்டு, அதற்கு நேர் கீழே நின்றான். கண் தெரியாதவன்கூடப் பிடித்துவிடுகிற கேட்ச். ஜெயபாண்டி ஓடிக்கொண்டே மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

அதே நேரம் கரையில் நாகையாவும் பந்தைப் பார்த்தார். அவருக்குக் கண்ணில் புரை. உயரமாகப் போகிற எல்லாம் அவருக்குச் சிக்ஸர்தான். உடனே தீப்பெட்டியை உரசி, பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்த சரத்தைப் பிரிக்காமலேயே திரியில் வைத்துவிட்டார்.

திரி சீறியது.

பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிற அன்றைக்கு, மருந்தைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். சீறுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போடு. திரும்பிப் பார்க்காதே. ஓடிப்போய் மண்ணில் குப்புறப் படு. அதைச் சொல்லிக்கொடுக்கிற போர்மேன் பாலகுரு. பெட்டிக்குள்ளிருந்து புகை வருவதை ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து முதலில் பார்த்தவரும் அவர்தான். கண்மாய், ஆட்டம், கேட்ச் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"தீ! தீ! போட்டுட்டுப் போங்கலே!"

அந்தக் குரலைக் கேட்டதும் கதிரவன் குவித்த கையை உதறிவிட்டு ஓடினான். எல்லைக்கோட்டில் நின்றவர்கள் ஓடினார்கள். கரையில் இருந்த கம்பெனிப் பெண்கள் சாக்கை, சேவை, செருப்பை எல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூச்சு விடுகிற நேரத்துக்குள் கண்மாயில் ஒரு பட்டாசுக்காரர்கூட நின்றுகொண்டிருக்கவில்லை.

பந்து வந்து மண்ணில் விழுந்து சும்மா கிடந்தது.

ஓட்டத்தில் இருந்த ஜெயபாண்டிக்கு இது எதுவும் விளங்கவில்லை. தன்னுடைய அடியைப் பார்த்துத்தான் மிரண்டு ஓடுகிறார்கள் என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்தார். ஓடினார், திரும்பினார், மறுபடி ஓடினார். லட்சுமிகாந்தம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடவே ஓடினார். ஆறாவது ரன் முடிந்ததும் அவர் பிட்ச் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். கரிசக்குளத்து ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள்.

நாகையாவின் சரமோ பெட்டிக்குள் கொஞ்சம் புகைந்தது, இரண்டு தடவை 'டப் டப்' என்றது, அணைந்துவிட்டது. ஈரத்தில் ஊறிய சரம். அவ்வளவுதான் அதனால் முடிந்தது.

"நமுத்த வெடிக்கா இம்புட்டு ஓட்டம்!" என்று யாரோ கத்த, கரிசக்குளமே விழுந்து விழுந்து சிரித்தது. ஜெயபாண்டியும் சிரித்தபடி, மட்டையைத் தூக்கிக் காட்டுவதற்காகப் பாண்டிமீனா இருந்த பக்கம் திரும்பினார். நாற்காலி காலியாகக் கிடந்தது.

கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் பட்டாசுக்காரர்கள் எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். முகம் மண்ணுக்குள் இருந்தது. கை பிடரியைப் பொத்தியிருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை வயிற்றுக்கடியில் வைத்து மூடிக்கொண்டு கிடந்தார்கள். விளையாட்டுக்கு ஓடியவர்கள் அப்படிப் படுக்க மாட்டார்கள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியில் லட்சுமிகாந்தம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஜெயபாண்டி ஓடினார். பாண்டிமீனா பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையோடு மண்ணில் கிடந்தாள். அவள்மேல் மாடத்தி கிடந்தாள். மாடத்தி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு எழுந்தாள்.

"தப்பா நெனைச்சுக்கிடாதீக மொதலாளி. பளக்க தோசம்" என்றாள். பாண்டிமீனாவின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

பாலகுருவும் வந்துவிட்டார். மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நாந்தான் கத்துனேன் மொதலாளி. அவுக மேல குத்தமில்லை. நீங்க செயிச்சுட்டீக. போயி நாகையா அண்ணாச்சிக்கு வேற சரம் வாங்கிக் குடுங்க. நான் சொன்னா கம்பெனி வெலைக்கே தருவாக."

ஜெயித்தாயிற்று. ஆனால் பாண்டிமீனா தலையில் கிடந்த கருவேல முள்ளை எடுத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் குரலில் நக்கல் இல்லை.

"சேரோட என்னைத் தள்ளிவிட்டு இழுத்துட்டு வந்துட்டா இவ. என்னன்னு கேக்கேன், 'பேசாமக் கெடங்கக்கா, வந்தாலும் மொதல்ல எனக்குத்தான் படும்'ங்கா."

ஜெயபாண்டி மாடத்தியைப் பார்த்தார். தன் வீட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்த பெண், ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் மனைவிக்குமேல் விழுந்து மறைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் தான் ரன் எண்ணிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அவருக்கு அவமானமாக இருந்தது. கையில் இருந்த மட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விடுவிடுவென்று பிட்சுக்கு நடந்து போனார்.

"ஏ மாப்ளே சோலை! நான் அவுட்டு. எளுதிக்கோ."

சோலைமலை காதில் ஏதோ அடைத்துக்கொண்டவன்போலப் பார்த்தான். அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவன் கேட்டதில்லை.

"கதிரவன் பிடிச்சிருப்பான். கைக்கு நேரா வந்த பந்து. அவுட்டுதான்" என்றார் ஜெயபாண்டி.

பின்னாலேயே வந்த பாலகுரு குறுக்கே விழுந்தார். "அதெப்படி? பிடிச்சிருப்பான்னா பிடிச்சதாயிருமா? கேட்ச்ச விட்டது விட்டதுதான். ஆறு ரன்னு ஓடியாச்சு. நீங்கதான் செயிச்சீக."

"நான் செயிக்கலைங்கேன்!"

"செயிச்சுட்டீகங்கேன்!"

"அட, நான் அவுட்டுப்பா!"

"இல்லவே இல்லைங்கேன். என்ன மொதலாளி, ஆட்டத்துக்குன்னு ஒரு நாயம் வேண்டாமா?"

இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. பதினாறு வருஷமாக ஒரு அவுட்டுக்குக்கூட வாக்குவாதம் செய்யாத பாலகுரு, முதன்முறையாக மல்லுக்கு நின்றார். அதுவும் தான் தோற்றதாக ஒத்துக்கொள்ளச் சொல்லி. இரண்டு ஊர் ஆட்களும் சுற்றி நின்றுகொண்டு, எதிராளி ஜெயித்ததாகச் சத்தியம் செய்தார்கள். நடுவில் சோலைமலை இந்த முகத்தையும் அந்த முகத்தையும் பார்த்தான். மச்சான் பக்கம் சொல்லலாம் என்றால் மச்சான் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பாவம், சொந்தமாக யோசித்தான்.

"அந்தப் பந்து செல்லாது. இன்னொரு தடவை போடுங்க" என்றான்.

எல்லோரும் அடங்கினார்கள். அது நியாயமாக இருந்தது. சோலைமலைக்கே வியப்பாக இருந்தது. "மறுபடியும் ஓடச் சொன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று முனகிய லட்சுமிகாந்தத்தை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

ஜெயபாண்டி மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றார். மறுபடியும் ஆறு ரன் வேண்டும். இப்போது ஜெயித்தால் அது முழு ஜெயம், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவர் கேட்டது அதைத்தான். பந்து போடுவதற்கு முன்னால் கதிரவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, மெதுவாப் போட்டே, கெட்ட கோவம் வரும். உன் வேகத்துக்குப் போடு."

"சரிங்க மொதலாளி" என்றான் அவன்.

ஓடி வந்தான். போட்டான். ஜெயபாண்டி மட்டையை வீசினார். பந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து போனது. நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பாலகுருவின் காலடியில் போய் விழுந்தது.

கதிரவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, குதித்துக்கொண்டே ஜெயபாண்டியின் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

"ஏலே, அவுட்டுலே! போலே வெளிய! அவுட்டு!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. பாலகுரு கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயபாண்டி கீழே கிடந்த குச்சியைப் பார்த்தார். பிறகு எதிரில் நின்ற பையனைப் பார்த்தார். எட்டு வயதில் கண்மாய்க்குள் மட்டை பிடிக்கிற எந்தப் பயலும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கேட்டுவிடுகிற வார்த்தை அது. நாற்பத்தோரு வயதுவரை யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. ஒரு பையன் தன்னை மெனக்கெட்டு அவுட்டாக்கி, மனசார வெளியே விரட்டுகிறான் என்பதில் அவருக்கு வந்த சந்தோஷத்தை அவராலேயே நம்ப முடியவில்லை. வாய் விட்டுச் சிரித்தார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, அவுட்டானவன் போகிற மாதிரியே வெளியே போனார்.

கரையில், ஏற்கெனவே அவுட்டாகி உட்கார்ந்திருந்த தன் ஊர்ப் பையன்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. ஒரு பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். பாண்டிமீனாவும் மாடத்தியும் மிச்சச் சீனிச்சேவைக் கொண்டுவந்து அவர் கையில் கொட்டினார்கள். "இன்னைக்குத்தான் ஆடியிருக்கீக" என்றாள் பாண்டிமீனா.

பட்டாசுக்காரர்கள் கத்திக் கொண்டாடி முடித்ததும், பாலகுரு கதிரவனின் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மொதலாளி, ஒரு வேகத்துல வாய் தவறிப் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க. இனிமே அப்பிடிச் சொல்ல மாட்டேன்."

ஜெயபாண்டி வாயில் இருந்த சேவை மென்று விழுங்கினார்.

"அடுத்த வருசமும் அப்பிடித்தாம்லே சொல்லணும்" என்றார். "இல்லைன்னா நான் வெளிய போக மாட்டேன்."